மூணாவது கோடிச் சேலை

கோடிச் சேலை ஒண்ணு காட்டுங்க அண்ணாச்சி. வெள்ளையில. இல்ல, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, அந்தம்மா ரவிக்கைத் துணி பாத்து முடிக்கட்டும். நான் இப்படி உக்காந்துக்கிடுதேன். ஃபேனை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடுங்க.

எங்க அயித்தைக்குத்தான். எங்கப்பா கூடப் பொறந்தவ. சீனியம்மான்னு பேரு, வாகைக்குளத்துல வாக்கப்பட்டவ. வயசு தொண்ணூத்தி நாலு. அட, நீங்க மூஞ்சிய அப்படி வச்சிக்கிடாதீங்க, வருத்தப்படுறதுக்கு இதுல என்ன இருக்கு. தொண்ணூத்தி நாலு வயசுல போறதுக்கெல்லாம் யாராவது அழுவாங்களா? அங்க ஊரே கெடந்து அழுவுது. காலையில அவ மூத்த மகன் பால்ச்சாமி போன் பண்ணினான். "அம்மா போயிட்டா மாப்ள"ன்னான். எழுவது வயசு அவனுக்கு. பேரன் பேத்தி எடுத்தவன் சின்னப்பிள்ளை மாதிரி விம்முறான். எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கணுமாம். "நீங்க வந்துட்டா எடுத்துறலாம்"னான். கவனிச்சீங்களா? நான் வந்துட்டா. பொறந்த வீட்டுக் கோடி விழாம பொம்பளைப் பொணத்தை எடுக்க முடியுமா? முடியாது. அவளுக்கு நாலு பிள்ளைக, பதினோரு பேரப்பிள்ளைக, அதுக்குக் கீழ எத்தனையோ, எனக்குக் கணக்குத் தெரியாது. அம்புட்டுப் பேரு இருந்தாலும் பொறந்த வீடுன்னா இன்னைக்கு நான் ஒருத்தன்தான். எங்கப்பா போயாச்சு, சித்தப்பா போயாச்சு. என் கையால துணியப் போத்தினாத்தான் பாடை நகரும். அதனாலதான் சொல்லுதேன், அவசரமில்லன்னு. மணி மூணரைதானே ஆகுது. இங்கேருந்து ஒரு மணி நேரப் பஸ்ஸு. கூடக் கொஞ்சம் ஆனாலும் இருக்கட்டும். நான் ஓட்டல்ல சோறு சாப்பிட்டுட்டு நிதானமாத்தான் வாரேன். என் பொண்டாட்டி கோமுதான் சேதி கேட்டதுமே மொதல் பஸ்ஸுக்கு ஓடிட்டா. முன்னால போயி என்ன ஆகப்போவுது? துணி வரணும்ல.

என்னது? சுமங்கலியான்னு கேக்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. இந்தக் கேள்விக்கு ஒரு தடவை தப்பாப் பதில் சொல்லிட்டுத்தானே ஆறு வருசமா நான் சீரழிஞ்சுக்கிட்டு இருக்கேன்.

இது மூணாவது கோடி அண்ணாச்சி. ஆமா, ஒரே ஆளுக்குத்தான். சிரிக்காதீங்க.

மொத தடவை ஆறு வருசத்துக்கு முந்தி. இதே பால்ச்சாமி, இதே போனு, இதே அழுகை. "அம்மா முடிஞ்சிருச்சு, வாங்க." நான் அடிச்சுப் புடிச்சு ஓடினேன். இந்தக் கடையில்ல, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒண்ணு இருந்துச்சே, அங்க. ஆடித் தள்ளுபடி, கூட்டம் தலைக்கு மேல நிக்குது. அந்தக் கடைக்காரரும் இதையேதான் கேட்டாரு. சுமங்கலியான்னு. நான் ஆமான்னுட்டேன்.

எப்படி மறந்தேன்னா? நீங்க வேற. அவ புருசன் செத்தது எப்ப தெரியுமா? எனக்கு அப்ப ஒம்பது வயசு. அயித்தைக்கு முப்பத்தேழு. அதெல்லாம் எந்த மனுசனுக்கு ஞாபகம் இருக்கும்? அவளை நான் அதுக்கப்புறம் நாலஞ்சு தடவை பாத்திருந்தா அதிகம். கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல, ஒரு ஓரமா நிப்பா. யாரு என்ன கட்டியிருக்கான்னு நான் பாத்துக்கிட்டா இருப்பேன்? அவரு அரக்குக் கலர்ல மஞ்சக் கரை போட்ட சுங்குடி ஒண்ணை எடுத்துப் போட்டாரு. நானும் வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

அங்க போனா மேளச் சத்தமே இல்ல. வாசல்ல நாலு பேரு உக்காந்து வெத்தலை போடுறான். உள்ள போயிப் பாத்தா கட்டில்ல நிமிந்து உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கா. மயக்கமாம், தண்ணி தெளிச்சதும் முழிச்சிட்டாளாம். ஒரு போனு போட்டுச் சொல்ல வேண்டாமா? சந்தோசத்துல மறந்துட்டாங்களாம்.

அண்ணாச்சி, கோடித் துணியத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, உங்களுக்கே தெரியும். வெளிய போட்டுட்டு வரவும் நேரமில்ல. அக்குள்ல இடுக்கிக்கிட்டு நிக்கேன். கடைக்காரரு ஒரு மஞ்சப் பையில போட்டுக் குடுத்திருந்தாரு, கரை வெளிய தெரியுது. அங்க இருந்த அம்புட்டுப் பேருக்கும் அது என்னன்னு புரிஞ்சு போச்சு. எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவ மட்டும் என்னையவே பாக்கா.

"கொத்தமல்லி பூத்திருக்கையில பொறந்தவன்லா நீ"ன்னா. அப்படித்தான் அவ பேசுவா. ஊருல எந்தப் பிள்ளை பொறந்தாலும் தேதியெல்லாம் கெடையாது, காட்டுல என்ன நின்னுச்சுன்னு சொல்லுவா. நீ பருத்தி வெடிச்சப்ப, நீ கம்பு பால் பிடிச்சப்பன்னு. அதுக்கே அந்த ஊருல பெருமை. எனக்கு எங்கம்மாகூட அப்படிச் சொன்னதில்ல. சரி, அது கெடக்கட்டும்.

"கையில என்ன மருமவனே?"ன்னு கேட்டா.

"சேலை அயித்தை"ன்னேன்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

வாங்கினா. பிரிச்சா. மூக்குல வச்சு மோந்து பாத்தா. பெறகு மருமக அன்னமயிலக் கூப்பிட்டு, "எம் பொறந்த வீட்டுல இருந்து சேலை வந்திருக்கு, கட்டி விடு தாயி"ன்னா. அன்னமயிலு நல்லவ, வெகுளி. "ஆத்தா, இது கலர்ச் சேலை, நீங்க கட்டப்புடாதே"ன்னு மெதுவாச் சொன்னா. அதுக்குக் கெழவி என்ன சொன்னா தெரியுமா?

"எனக்கு வெள்ளையப் போட்டது எங்கண்ணன். இதைப் போட்டது எங்கண்ணன் மகன். நடுவுல நீ யாருட்டீ?"

என்ன திமிரு பாத்தீங்களா? அம்பத்தோரு வருசம் வெள்ளை கட்டினவ, எண்பத்தெட்டு வயசுல அரக்குச் சேலை கட்டிக்கிட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டா. நான் தப்பா எடுத்துட்டேன்னு சொல்லலாம்னா வாய் வரல. மறந்துட்டேன்னு எப்படிச் சொல்ல?

அந்த வெள்ளைக்கு வயசு பாருங்க. அந்தத் துணி போடயில எங்கப்பா கூட நானும் போயிருந்தேன். மாமா செத்த பதினாறாம் நாள். முறையின்னா என்ன, பொறந்த வீட்டுக்காரன் கோடி போட்டு, கொஞ்ச நாள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி வச்சிருந்து அனுப்பணும். அப்பா போட்டாரு. "அடுத்த மாசம் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன் தாயி"ன்னாரு. வந்துட்டோம். பெறகு அவருக்கு உழவு வந்துச்சு, அறுப்பு வந்துச்சு, வேலைக்கா குறைச்சல்? அவ ஒரு துணிமூட்டையக் கட்டி நடை ஓரத்துல வச்சிருந்தாளாம், தை வரைக்கும் அவுக்கவே இல்லையாம். இது பால்ச்சாமி சொன்னது. எதுக்கு எங்கிட்டச் சொல்லுதான்? மூட்டை கட்டுன்னு யாரு சொன்னா அவளை? நாலு பிள்ளைகளோட வந்து எறங்கினா எங்க வீடு தாங்குமா? ரெண்டே அறை. சண்டை கிண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது, அதையும் சொல்லிப்புடுதேன். எங்கம்மா ரெண்டு மூணு வருசம் பொங்கப்படிச் சீருகூட அனுப்பினா. பெறகு விட்டுப் போச்சு. எல்லா வீட்டுலயும் விட்டுப் போறதுதானே.

இதுவா? இது ரொம்ப மெல்லிசா இருக்கே அண்ணாச்சி. ஊரே பாக்கும், கொஞ்சம் கனமா எடுங்க. அவளுக்காகச் சொல்லல. அவ பொறந்த வீட்டு நொச்சிப்பட்டிக்காரன் இதைத்தான் கொண்டாந்தான்னு பேசுவாங்கல்ல.

அவ என்ன பெருசா வாழ்ந்துட்டா, சொல்லுங்க. புருசன் போனதும் நாலு பிள்ளைகளையும் மூணு ஏக்கர் கரிசலையும் வச்சுக்கிட்டுத் தானே உழுதாளாம். பொம்பளை ஏர் புடிச்சான்னு அதை இன்னைக்கும் சொல்லிச் சொல்லி மாளுறாங்க. ஏர் புடிச்சா சரி, பிழைக்கத் தெரிஞ்சுச்சா? கரிசல்ல மழை பேஞ்சா நாலு நாளைக்குள்ள விதைக்கணும், ஈரம் போயிரும். இவகிட்ட ஒரு சோடி மாடு. மழை விட்டதும் மாடு இல்லாதவன் காட்டுக்கெல்லாம் அதை ஓட்டி விட்டுருவாளாம். தன் காடு கடைசிக்கு. அஞ்சாம் நாள், ஆறாம் நாள். அதனால எத்தனையோ வருசம் பாதி வெளைச்சல்தான். இதைப் பெருமையாச் சொல்லுதாங்க அண்ணாச்சி, பெருமையா. கேட்டா, அவ கெணறு வெட்டயில ஊரே கூலியில்லாம வந்து வெட்டிக் குடுத்துச்சாம். வெட்டாம என்ன செய்வான்? அவ்வளவு வாங்கித் தின்னிருக்கான்ல.

மகனுகளை எல்லாம் படிக்க வச்சா. ரெண்டு மகளையும் நல்ல எடத்துல குடுத்தா. மக வீட்டுக்கு வருசா வருசம் பொங்கப்படி தலையில வச்சு நடந்தே கொண்டு போவாளாம், எண்பது வயசு வரைக்கும். பஸ்ஸு இருக்கு, போக வேண்டியதுதானே? நடந்து போனாத்தான் நாலு ஊரு பாக்கும். வீம்பு. யாருக்குக் காட்டுதான்னு எனக்குத் தெரியாதா?

அந்த அரக்குச் சேலையக் கட்டிக்கிட்டு அவ போகாத எடமில்ல. ரேசன் கடைக்கு அதான், கோயிலுக்கு அதான். பேத்தி கல்யாணத்துல மொத வரிசையில அதைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, எல்லாவளும் பட்டுல இருக்கா. கேக்குறவகிட்டயெல்லாம் "எம் பொறந்த வீட்டுச் சேலை. எம் மருமவன் கொண்டாந்து போட்டான்." இதே பாட்டு. அப்புறம் அந்த ஊரே கெட்டுப் போச்சு. கெழக்குத் தெருவுல வடிவுன்னு ஒருத்தி, சின்ன வயசுலயே தாலி அறுத்தவ. அவ அண்ணன் லாரி ஓட்டுறவன். அவனுக்குப் போன் போட்டு, "எனக்கு நீதானே வெள்ளை போட்ட, நீயே வந்து ஒரு நீலம் போடு"ன்னு கேட்டுட்டா. அவன் போட்டுட்டான். அடுத்தாப்புல இன்னொருத்தி. இப்ப அந்த ஊருல வெள்ளைச் சேலை கட்டினவ ஒருத்தி இல்ல. நான் போனா பொம்பளைக எந்திரிச்சு நிக்குறாளுக, மோரு கொண்டாந்து குடுக்காளுக, ஒருத்தி கையெடுத்துக் கும்பிடுதா. எல்லாம் கேலி. எனக்குத் தெரியாதா கேலின்னு.

ரெண்டாவது தடவை போன வருசத்துக்கு மொத வருசம், ஐப்பசியில. மூச்சே இல்லன்னு அன்னமயிலு சொன்னா. இந்தத் தடவை நான் உசாரு. நல்ல வெள்ளைப் புடவையாப் பாத்து எடுத்தேன். போனா பந்தல் போட்டாச்சு, நாற்காலி போட்டாச்சு, கொட்டுக்காரங்க தோலைக் காய்ச்சுறதுக்கு நெருப்பு மூட்டியாச்சு. கொட்டுல முதல் அடி விழவும் கண்ணைத் தொறந்துட்டா. "யாரு வீட்டுல விசேசம்?"ன்னு கேட்டாளாம். ஊரே சிரிச்சுச் சிரிச்சு அழுதுச்சு. நான் மறுபடியும் பையோட நிக்கேன்.

"கொண்டாந்துட்டியா?"ன்னா.

குடுத்தேன். இந்தத் தடவை கட்டச் சொல்லல. விரலால தடவித் தடவிப் பாத்தா. "நல்ல நூலு. உங்கப்பன் எடுத்தது முரடு, கழுத்தெல்லாம் அறுத்துச்சு"ன்னா. அம்புட்டுத்தான், அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல எங்கப்பாவைப் பத்தி. அப்புறம் பேத்தி மக பிள்ளை பெத்துப் படுத்திருந்தா, அவகிட்டக் குடுத்து, "இதைக் கிழிச்சுத் தொட்டில் கட்டு"ன்னா.

"கோடித் துணியில தொட்டில் கட்டலாமா அயித்தை?"ன்னேன்.

"உசுரோட இருக்கறவளுக்குக் கொண்டாந்தா அதுக்குப் பேரு கோடியா? சீருதான்லே"ன்னா.

கட்டிட்டாங்க. அந்தப் பிள்ளை அதுல கெடந்து குண்டு குண்டுன்னு வளந்துச்சு, அது வேற விசயம். நான் கெளம்பயில கையப் புடிச்சுக்கிட்டு, "அடிக்கடி வா மருமவனே, நான் சாகத்தான் வரணும்னு இல்ல"ன்னா. பேச்சைப் பாருங்க. குத்தல். நான் போகல. எதுக்குப் போகணும்? கோமு போவா, மாசத்துக்கு ஒரு தடவை. வந்து உக்காந்துக்கிட்டு, "உங்களுக்கு அந்த அயித்தையப் பாத்தா பயம்"ம்பா. எனக்கென்ன பயம்? நான் ஒண்ணும் யாருக்கும் மூட்டை கட்டச் சொல்லலயே.

இது பரவால்ல. நல்லா இருக்கு. ஆனா கரையில அழுக்குப் பட்டிருக்கு பாருங்க, வேற உருப்படி இருந்தா எடுங்க. இருக்கட்டும் அண்ணாச்சி, மணி நாலேகால்தானே. நாலுன்னா நாலுக்கேவா எடுக்கப் போறாங்க? எனக்குத் தெரியாதா. நான் தெருமுனையில எறங்கணும். கொட்டு நிக்கணும். "நொச்சிப்பட்டிக்காரரு வந்துட்டாரு, வழி விடுங்க"ன்னு சத்தம் குடுக்கணும். நான் போயிப் போத்தணும், அதுக்குப் பெறகுதான் எவனும் அவளைத் தொடணும். ஆறு வருசமா என்னையப் பையும் கையுமா நிக்க வச்சு வேடிக்கை பாத்தால்ல? இன்னைக்கு ஊரு நிக்கட்டும் கொஞ்ச நேரம். பொறந்த வீடுன்னா என்னன்னு அந்த ஊருக்கும் தெரியணும்.

இருங்க, போனு. கோமுதான்.

சொல்லு. ஆங், கடையிலதான் இருக்கேன். எடுத்துக்கிட்டேதான் இருக்கேன். என்ன சத்தம் அங்க? கேக்கல, தள்ளி வந்து பேசு. கொளவைச் சத்தமா? எதுக்குக் கொளவை போடுதாளுக? யாரு சொன்னா? எப்பச் சொன்னா? அதெப்படி எடுப்பாங்க? பால்ச்சாமிட்டக் குடு. தோள் குடுக்கானா? கோமு, நான் வராம எப்படிடீ எடுப்பாங்க? நீ சொல்ல வேண்டியதுதானே. நீயும் சரின்னு சொன்னியா? எங்க வந்துட்டாங்க? பிள்ளையார் கோயிலத் தாண்டியாச்சா?

வச்சிட்டா.

எடுத்துட்டாங்களாம் அண்ணாச்சி.

நேத்து ராத்திரி நல்ல நெனவோட இருந்திருக்கா. பால்ச்சாமியையும் அன்னமயிலையும் கூப்பிட்டுச் சொல்லிருக்கா. "எம் மருமவனுக்காகப் பொணத்தைப் போட்டு வைக்காதீங்க. எனக்கு எம் பொறந்த வீட்டுச் சேலை உசுரோட இருக்கையிலயே வந்துருச்சு. நேரத்தோட தூக்குங்க." இப்படிச் சொன்னாளாம். காலையில பால்ச்சாமிக்கு அதை எங்கிட்டச் சொல்ல வாய் வரலையாம், நாலு மணி வரைக்கும் பாப்போம்னு இருந்திருக்கான். நான் வராதது கண்டு வடிவும் மத்த பொம்பளைகளும் ஆத்தா சொன்னபடி செய்யுங்கன்னு கொளவை போட்டுத் தூக்க வச்சிட்டாளுகளாம். கெழவியச் சொமக்குறதுக்குப் பேரப்பிள்ளைக அடிச்சுக்கிடுதாங்களாம், எனக்கு உனக்குன்னு.

என்ன நெஞ்சழுத்தம் பாத்தீங்களா? செத்த பெறகும் ஒரு வார்த்தையில என்னைய வெளிய நிறுத்திட்டா. நான் ஒருத்தன் இருக்கேன், அவ அண்ணன் மகன், அவ கூடப் பொறந்தவன் ரத்தம், வந்துக்கிட்டு இருக்கேன். வராமலா போயிட்டேன்? துணிய எடுத்துக்கிட்டு இருக்கேன், கரையில அழுக்கு இருக்குன்னு மாத்தி எடுக்கேன், நல்லதாப் போடணும்னுதானே? சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க பாத்தீங்கல்ல, நான் நல்லதாத்தானே கேட்டேன்.

அந்த அழுக்குப்பட்டதையே கட்டுங்க. கட்டுங்க சீக்கிரம். ஆட்டோ கிடைக்குமா இங்க? சுடுகாடு ஊருக்கு மேக்க இருக்கு, குறுக்கே போனா புடிச்சிறலாம். பில்லு வேண்டாம், பையும் வேண்டாம், கையிலயே குடுங்க.

மூட்டையக் கட்டி வச்சுக்கிட்டு அம்பத்தேழு வருசம் எங்களுக்காகக் காத்துக் கெடந்தவ, இன்னைக்கு ஒரு மணி நேரம் எனக்காகக் காத்துக் கெடக்க மாட்டாளா அண்ணாச்சி?